பேஸ்மென்றில் ஒரு ஃப்ளூ

1

போன கிழமை உரும்பிராயில் இருக்கும் என் தங்கை கலா வட்ஸ்அப்பில் எங்கள் வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, கூரையில நிக்கிற அந்தச் செங்கல் தூணுக்கு ஏன் வெள்ளித் தொப்பி போட்டிருக்கிறியள்? முந்தின படங்களில இல்லையே."

அது சிம்னி மூடி என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனம் கேட்கவில்லை. அந்தத் தொப்பி வந்து இந்த மாசியோடு ஒரு வருடம். அது வந்த கதையை நான் அவளுக்கு இதுவரை சொல்லவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு நல்லதை உடனே சொல்லுவோம், கெட்டதை எல்லாம் முடிந்த பிறகு சொல்லுவோம். அவர்களும் எங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, எல்லாரும் சுகமாக இருக்கிறோம். ஆகவே எழுதுகிறேன்.

சிறு வயதில் எனக்குச் சிம்னி என்றால் விளக்குக் கண்ணாடிதான். மின்சாரம் இல்லாத சண்டைக் காலம். பின்னேரம் ஆனதும் லாந்தர்ச் சிம்னியைக் கழற்றிப் பழைய பேப்பரால் கரி துடைப்பது என் வேலை. கலாவின் கை சின்னது, உள்ளே நன்றாகப் போகும், ஆனால் அவள் உடைத்துவிடுவாள் என்று அம்மா கொடுக்கமாட்டார். பல வருடங்கள் கழித்து, ரொறன்ரோவில் ஸ்கார்பரோவின் மோர்னிங்சைட் பக்கம் இந்த வீட்டைப் பார்க்க வந்தபோது, வீட்டு ஏஜென்ற் "சிம்னி உறுதியா இருக்கு" என்று சொன்னார். நான் குசினி மேசையில் விளக்கைத் தேடினேன்.

இங்கே சிம்னி என்றால் வீட்டின் அடியிலிருந்து கூரைக்கு மேலே வரை போகும் செங்கல் கூண்டு. அதன் உள்ளே குழாய்கள் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு குழாய் ஹோலில் இருக்கும் விறகடுப்பின் புகையை வெளியே கொண்டுபோகும். மற்றக் குழாய் பேஸ்மென்றிலிருந்து வரும். பேஸ்மென்ற் என்பது நிலத்துக்குக் கீழே இருக்கும் வீட்டுப் பாதி. எங்கள் பேஸ்மென்றில் சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கிறது. அது காஸில் எரிவது. எரிந்து வரும் ஆவி அந்தக் குழாய் வழியே மேலே போகவேண்டும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். போன வருடம் மாசிவரை எனக்குத் தெரிந்தது பைப்பைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும் என்பது மட்டும்தான்.

2

எங்களுக்கு ஒரே மகன், நிரோஜன். நாங்கள் நிரோ என்று கூப்பிடுவோம். இங்கேயே பிறந்தவன். பல்கலைக்கழகம் முடித்து, நகரின் நடுவில் ஒரு கம்பெனியில் வேலை எடுத்து, அங்கேயே நண்பர்களோடு கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடு ஒன்றில் இருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். வந்தால் சாப்பிடுவான், ரெலிபோனைப் பார்ப்பான், சாப்பாட்டுப் பெட்டியோடு போவான். நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான். அதற்கும் பழகிவிட்டோம்.

நான் சொல்லும் மாசிக்கு முந்தின மார்கழி தொடங்க முன் அவன் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. அவனும் அதில் போனான். கொண்டோவை விட்டுவிட்டு இரண்டு பெரிய பைகளோடு வீட்டுக்கு வந்து நின்றான். மேலே அறை இருந்தது. "எனக்குக் கீழ இருந்தாக் காணும், அம்மா" என்று பேஸ்மென்றுக்குப் போய்விட்டான். வேலை தேடும் பிள்ளைக்குத் தனிமை தேவை என்று நானும் விட்டுவிட்டேன். சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கும் சின்ன அறைக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர்தான்.

முதல் கிழமைகளில் நன்றாகத்தான் இருந்தான். தைப்பொங்கலுக்குப் பிறகு ஆள் மாறத் தொடங்கினான். காலையில் எழும்ப முடியவில்லை. எழும்பினால் தலையிடி. சில காலைகளில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தான். மேசையில் இருந்து கதைக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு, என்ன சொன்னேன் என்று எங்களைப் பார்ப்பான். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், தலையிடிக் குளிசை கொடுத்தேன். குளிர்காலம், ஊரெல்லாம் காய்ச்சல். என் வேலையிடத்திலும் பாதிப் பேர் லீவு. நான் ஒரு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை செய்கிறேன். அங்கே அந்த மாதம் எல்லார் வாயிலும் ஒரே சொல், ஃப்ளூ. நிரோவுக்கும் ஃப்ளூ என்று நான் முடிவு எடுத்தேன்.

இவர் அப்படி நினைக்கவில்லை. என் கணவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறவர். ஒவ்வொரு நாளும் இந்த ஊர்ப் பிள்ளைகளைக் காண்கிறவர். "உது ஃப்ளூ இல்லை" என்றார் ஒரு நாள், சோற்றில் கை வைத்தபடி. "பகல் முழுக்க நித்திரை. கண் சிவந்து கிடக்குது. கேட்டதுக்கு மறுமொழி இல்லை. இங்க தெருவுக்குத் தெரு சட்டப்படி கடை போட்டுக் கஞ்சா விக்கிறாங்கள். உமக்கு விளங்கேல்லையோ?"

"அவன் அப்பிடிப்பட்ட பிள்ளை இல்லை, அப்பா" என்றேன். பிள்ளை பிறந்ததிலிருந்து நானும் இவரை அப்படித்தான் கூப்பிடுவது.

"எல்லாத் தாய்மாரும் உதைத்தான் சொல்லுறவை."

பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் என் மச்சாள் வசந்தி, இவரின் தங்கை, சனிமாற்றம் என்று சொல்லி எள்ளெண்ணெய் எரிக்கச் சொன்னார். நான் எரித்தேன். எரித்த அன்றைக்கு நிரோ ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு நண்பர்களோடு வெளியே நின்றான். பின்னேரம் ரெலிபோனில் கதைக்கும்போது குரல் பழைய குரல். சிரித்தான்கூட. வீட்டுக்கு வந்து கீழே படுத்தான். அடுத்த நாள் காலை திரும்பவும் அதே முகம்.

அதுதான் எங்களுக்கு நொந்தது. வெளியே போனால் சுகம், எங்களோடு இருந்தால் வருத்தம். இவர் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு பகல் கீழே இறங்கிப் போனார். நான் படியில் நின்று கேட்டேன்.

"என்னடா எடுக்கிறாய்? எனக்குச் சொல்லு."

"நத்திங், அப்பா. ஐ ஆம் ஜஸ்ட் ரயர்ட்."

"களைக்கிறதுக்கு நீ என்ன வேலை செய்தனீ?"

போர்வையை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இவர் மேலே வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ் எடுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து தகப்பனும் மகனும் கதைக்கவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

3

எங்கள் ஊர் வீட்டில் புகைக்குக் குறைவில்லை. அம்மா அடுப்படியில் இருமிக்கொண்டே சமைத்தார். கண் எரியும், தொண்டை கரகரக்கும், சட்டை மணக்கும். ஈர விறகு என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் இருமுவார்கள். வெளிநாட்டில் புகையே இல்லாத குசினி இருக்கிறது என்று படித்தபோது, அது ஒன்றுக்காகவே போகலாம் என்று நினைத்தவள் நான். இங்கே வந்து முதன்முதல் காஸ் அடுப்பைப் பற்றவைத்தபோது, நீல நெருப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மணமில்லை, புகையில்லை. கண்ணுக்குத் தெரியாததால் அது சுத்தம் என்று நம்பினேன்.

சிம்னியைப் பற்றி யோசிக்க வைத்தது இன்சூரன்ஸ்காரர். அந்த மாசியில் வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது, விறகடுப்பு உள்ள வீடு என்றால் சிம்னியைத் தகுதி உள்ள ஆள் ஒருவர் வந்து பார்த்து அத்தாட்சி தரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விறகடுப்பை நாங்கள் நத்தார் பண்டிகைக்கு ஒரு தடவை, மச்சாள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் இன்னொரு தடவை எரிப்போம். மற்ற நாட்களில் அதன் முன்னால் சாமிப்படம் வைத்திருக்கும் சின்ன மேசை நிற்கும். எரிக்காத அடுப்புக்கு ஏன் அத்தாட்சி என்று கேட்க நான் ரெலிபோன் எடுத்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, பிரெஞ்சுக்கு இரண்டை அழுத்து, வீட்டுக்கு மூன்றை அழுத்து. கடைசியில் கிடைத்த பிள்ளை நான் கேட்டதற்கெல்லாம் ஒரே மறுமொழியைத் திரும்பத் திரும்ப மரியாதையாகச் சொன்னாள். அத்தாட்சி இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை.

வெட்டி வேலை என்று முணுமுணுத்துக்கொண்டு, சிம்னி துப்புரவாக்குகிற ஆட்களைத் தேடி ஒரு சிறிய கம்பெனிக்கு எடுத்தேன். அக்காவும் தம்பியுமாக நடத்துகிற இடம். அக்கா ரெலிபோன், தம்பி கூரை. அன்றைக்கு எடுத்தது அக்கா, பெயர் ஷெரில். அது மத்தியானத்துக்குச் சற்று முன். இவர் பஸ்ஸோடு வெளியே. நிரோ கீழே நித்திரை.

ஷெரில் விலாசம் கேட்டாள். வீடு எவ்வளவு பழையது என்று கேட்டாள். பிறகு, "ஹவ் மெனி ஃப்ளூஸ்?" என்றாள்.

சிம்னிக்குள் இருக்கும் குழாய்க்கு ஆங்கிலத்தில் ஃப்ளூ என்று பெயர். காய்ச்சலுக்கும் அதே உச்சரிப்பு. எனக்குக் காய்ச்சல் மட்டும்தான் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லாரும் இப்படிக் கேட்பது வழக்கம். நான் உண்மையாகச் சொன்னேன்.

"வன். ஒன்லி வன் ஃப்ளூ."

"அது பேஸ்மென்றிலிருந்தா வருகிறது?"

"யெஸ், பேஸ்மென்ற்" என்றேன். "மை சன்."

"உங்கள் மகனா?"

"யெஸ். ஒரு மாதமாக ஃப்ளூ."

அவள் சிரித்திருக்கலாம். எத்தனை குழாய் என்று கேட்டால் ஒரு மகனைச் சொல்லுகிறாள் என்று தம்பியிடம் சொல்லிச் சிரிக்க நல்ல பகிடி. அவள் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, சொல் சொல்லாகக் கேட்டாள்.

"காய்ச்சல் இருக்கிறதா?"

இல்லை என்றேன்.

"இருமல்? மூக்கால் ஓடுகிறதா?"

அதுவும் இல்லை. சொல்லும்போதுதான் எனக்கே அது விசித்திரமாகப் பட்டது.

"தலையிடி?"

"ஓம், எவ்ரி மோர்னிங்." பதற்றத்தில் ஓம் என்றே வந்துவிட்டது.

"வெளியே போனால்?"

"வெளியே போனால் நல்ல சுகம். வீட்டுக்கு வந்தால்தான் வருத்தம்" என்றேன், மகனைக் குறை சொல்லும் குரலில்.

"அவர் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காஸில் எரியும் ஏதாவது நிற்கிறதா?"

"சுடுதண்ணீர்த் தாங்கி."

அவள் குரல் மாறியது. சத்தம் கூடவில்லை, ஆனால் கட்டளையாகிவிட்டது. "மேடம், ரெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போங்கள். அவரை எழுப்புங்கள். இரண்டு பேரும் வெளியே போங்கள். கோட் தேட வேண்டாம். வெளியே நின்று அவசர நம்பருக்கு எடுங்கள். காரணம் பிறகு சொல்லுகிறேன். இப்போது போங்கள்."

4

படிகளில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அறைக்குள் ஒரு மணமும் இல்லை. வழமைபோல் வெதுவெதுப்பாக, அமைதியாக இருந்தது. நிரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தோளைப் பிடித்து உலுக்கினேன். முகம் நல்ல சிவப்பாக, குழந்தையில் இருந்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தான், என்னைப் பார்த்தான், திரும்ப மூடிவிட்டான்.

"நிரோ, எழும்பு. அம்மா சொல்லுறன், எழும்பு."

"லேற்றர், அம்மா" என்றான். நாக்குக் குழறியது.

நான் உயரமானவள் இல்லை. நிரோ தகப்பனைப்போல் உயரம். ஆனால் முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு நாளும் கட்டிலில் இருந்து ஆட்களைத் தூக்கி நாற்காலியில் வைக்கிறவள் நான். எங்கே பிடிக்கவேண்டும், எங்கே முழங்காலை முண்டு கொடுக்கவேண்டும் என்று என் உடம்புக்குத் தெரியும். அவனை இருத்தினேன், நிறுத்தினேன், என் தோளில் சாய்த்துப் படி ஏற்றினேன். பாதிப் படியில் அவன் கால் மடிந்தது. எனக்கும் தலை சுற்றுவதுபோல் இருந்தது. விழுந்தால் இரண்டு பேரும் உருண்டு திரும்ப அங்கேயே போய்விடுவோம் என்று அப்போது தோன்றியது. அவன் சட்டையைப் பல்லால் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு மேலே வந்து, முன்கதவைத் திறந்து, வெறும் காலோடு அவனைப் பனிக்குள் கொண்டுபோய் இருத்தினேன்.

எதிர்வீட்டு கயானாக்காரி போர்வையோடு ஓடி வந்தாள். அவசர நம்பருக்கு எடுத்ததும் அவள்தான். எனக்கு அந்த நேரம் ஆங்கிலம் ஒன்றும் வரவில்லை. "மை சன், மை சன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இருவர் கையில் சின்னக் கருவியோடு கீழே போனார்கள். போன வேகத்தில் மேலே வந்து, எல்லாக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டார்கள். காபன் மொனொக்சைட் என்றார்கள். காஸ் சரியாக எரியாமல், வெளியே போகவும் வழியில்லாமல் நின்றால் வருகிற நஞ்சு. மணமில்லை, நிறமில்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் மேல்தட்டில் ஒன்று இருந்தது. நஞ்சு அவ்வளவு தூரம் ஏறவில்லை, அது பேசாமல் இருந்தது. பேஸ்மென்றிலும் ஒன்று இருந்தது, காலம் முடிந்து செத்துப்போயிருந்தது. அதன் பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கிறது என்று அந்தத் தீயணைப்புக்காரர் திருப்பிக் காட்டும்வரை எங்களுக்குத் தெரியாது. பால் பெட்டியில் திகதி பார்த்து வாங்குகிறவள் நான். சுவரில் தொங்குவதற்குத் திகதி பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

மருத்துவமனையில் நிரோவுக்கு ஒக்சிஜன் முகமூடி போட்டார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் போட்டார்கள். இவர் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார். மஞ்சள் கோடு போட்ட வேலைச் சட்டையோடு திரைச்சீலைக்கு வெளியே நின்றார். டொக்டர் வந்து விளக்கினார். தலையிடி, சத்தி, மறதி, சோர்வு, எரிச்சல், எல்லாம் இதனால்தான் என்றார். இன்னும் சில மணித்தியாலங்கள் அந்த அறையில் கிடந்திருந்தால் என்று தொடங்கி, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்.

பின்னேரம் நிரோவின் முகமூடியைக் கொஞ்ச நேரம் கழற்றினார்கள். அவன் என்னைப் பார்த்துத் தமிழில் கதைத்தான். "அம்மா, எனக்கு மூளை பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சன். காலமை என்ன செய்தனான் எண்டு பின்னேரம் நினைவில்லை. உங்களுக்குச் சொல்லப் பயமா இருந்தது. மனசுக்கு ஆலோசனை சொல்லுற ஒரு கவுன்சிலருக்கு எழுதிப் போட்டிட்டு இருந்தனான்."

"எங்களுக்கு ஏன் சொல்லேல்லை, ராசா?"

"அப்பா ஏற்கனவே ஒண்டு முடிவெடுத்திட்டார்தானே. இதையும் சேர்த்துச் சொன்னா?"

இவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நிரோவின் பாதங்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. பனியில் வெறும் காலோடு இருந்ததால் விரல்கள் வெடித்துச் சிவந்திருந்தன. இவர் நாற்காலியில் அமர்ந்து, குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினார். சொக்ஸைக் கழற்றினார். அதை உதறி, மகனின் ஒரு காலுக்குப் போட்டு, மற்றக் காலுக்கும் போட்டார். போட்ட பிறகும் இரண்டு பாதங்களையும் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். நிரோ கண்ணை மூடிக்கொண்டான். நான் தேத்தண்ணி எடுக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

5

காஸ் கம்பெனி வந்து தாங்கியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, காஸை மூடிவிட்டுப் போனது. சிம்னியைத் திருத்தி, தகுதி உள்ளவர் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பத் திறப்பார்கள். மாசிக் குளிரில் நாங்கள் மூவரும் மார்க்கத்தில் மச்சாள் வீட்டில் போய் இருந்தோம். மச்சாள் எள்ளெண்ணெயைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. நிரோவுக்குத் தினமும் முட்டைப் பொரியல் செய்து கொடுத்தார்.

ஷெரிலின் தம்பி டக் வந்து கூரையில் ஏறினார். அன்றைக்கு நானும் இவரும் போயிருந்தோம். மேலிருந்து நீளமான தூரிகையும் சின்னக் கமராவும் இறக்கினார். பேஸ்மென்றில் சிம்னியின் அடியில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருந்தது. நான் அதை வீட்டின் எலிப்பொறி ஏதோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் திறந்ததும் உடைந்த மண் ஓடுகளும், செங்கல் துண்டுகளும், கரியும், இலைகுழையுமாகக் கொட்டியது. வாளி வாளியாக அள்ளினார். குழாயின் கழுத்தை அதெல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

ஏன் அப்படி உடைந்தது என்று அவர் சொன்னதை நான் இவருக்குத் தமிழில் சொன்னேன். முன்பு வீட்டைச் சூடாக்கும் பெரிய அடுப்பும் சுடுதண்ணீர்த் தாங்கியும் ஒரே குழாயில்தான் ஆவி விட்டன. பெரிய அடுப்பின் சூடு குழாயைக் காய வைத்தது. சில வருடங்களுக்கு முன் நாங்கள் அந்தப் பெரிய அடுப்பை மாற்றினோம். புது அடுப்பு சிக்கனமானது, சுவர் வழியே ஒரு பிளாஸ்ரிக் குழாயில் ஆவி விடும். பெரிய சிம்னியில் சின்னத் தாங்கி மட்டும் தனித்துவிட்டது. அதன் ஆவிக்குப் பலம் போதாது. பாதியில் குளிர்ந்து, ஈரமாகி, உறைந்து, உள் ஓடுகளை வெடிக்க வைத்துவிட்டது. அடுப்பு மாற்றியவர் அதைச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. இப்படித் தனித்துவிடும் தாங்கியை இந்தத் தொழிலில் அநாதை என்றுதான் சொல்லுவார்களாம்.

"ஆர் அநாதை?" என்று கேட்டார் இவர்.

"தண்ணித் தாங்கி, அப்பா."

பெரிய குழாய்க்குள் அளவான ஒரு ஸ்ரீல் குழாயை டக் இறக்கினார். விறகடுப்புக் குழாயில் படிந்திருந்த தார் போன்ற கரியையும் சுரண்டி எடுத்தார். அது ஒரு நாள் தீப்பிடிக்கக்கூடியது என்றார். அந்த அடுப்பின் மூடி சரியாகச் சாத்தாமல் இத்தனை வருடமும் வீட்டுச் சூடு கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது, அதையும் திருத்தினார். மேலே இலையும் பறவையும் விழாமல் அந்த வெள்ளித் தொப்பியைப் போட்டார். கலா, நீ கேட்டது இதைத்தான். வீடு இப்போது முன்பைவிடக் குளிர் குறைவு. இதை வாசிக்கும் ரொறன்ரோக்காரர்களுக்கும் சொல்லுகிறேன். குளிர் தொடங்க முன்னர் வருடம் ஒரு தடவை ஆளைக் கூப்பிட்டுப் பாருங்கள். அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய வீட்டில் சூடாக்கும் அடுப்பைப் புதிதாகப் போட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

கடைசி நாள் ஷெரிலும் தம்பியோடு வந்தாள். நான் நினைத்ததைவிட வயது கூட, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். வாசலில் நின்ற நிரோவைப் பார்த்து, "நீதானா அந்த ஃப்ளூ?" என்று கேட்டாள். நிரோ சிரித்துவிட்டான். அவள் அவனைக் கட்டிப்பிடித்தாள். என் பிழையான ஆங்கிலத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள்.

"முந்தி ஒருமுறை ஒரு வீட்டில் இருந்து இப்படித்தான் ரெலிபோன் எடுத்தார்கள். தலையிடி என்றும் சொன்னார்கள். நான் அடுத்த கிழமைக்குத் திகதி கொடுத்தேன்" என்றாள். பிறகு நிரோவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு டக்கின் வாகனத்தில் ஏறினாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

6

சிம்னியைத் திருத்தியதோடு பிள்ளையும் திருந்திவிட்டான் என்று எழுதினால் கலா சந்தோஷப்படுவாள். அது முழு உண்மை இல்லை. தலையிடி போனது, சத்தி போனது. மறதி பங்குனி, சித்திரைவரை கொஞ்சம் இருந்தது. ஆனால் வேலை போன கவலை எந்த காஸாலும் வந்ததில்லை. மேலே அறைக்கு வந்து படுத்தான், ஜன்னலோடு. அப்போதும் சில நாட்கள் பேசாமல் இருந்தான். அப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில். எதற்கு நஞ்சு காரணம், எதற்கு மனம் காரணம் என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கவுன்சிலரிடம் தொடர்ந்து போனான், இப்போது ஒளிக்காமல்.

அங்கே அவனைக் கொண்டுபோய் விடுவது இவர் என்று ஆனது. கேட்டு நடந்ததில்லை, ஒரு நாள் கார்த் திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். உள்ளே போகமாட்டார். கார்ப் பார்க்கில் இருந்து வானொலி கேட்பார். ஒரு தடவை நானும் பின் சீற்றில் இருந்தேன். திரும்பி வரும்போது இவர் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அங்க என்ன கதைக்கிறனீ?"

"ஜஸ்ட் ஸ்ரஃப், அப்பா. சும்மா ஒவ்வொண்டு."

ஒரு சிக்னல் தாண்டியது.

"என்னைப் பற்றியும் கதைக்கிறனீயோ?"

நிரோ கொஞ்சம் யோசித்தான். "ஓம்" என்றான்.

இவர் அடுத்த திருப்பத்தில் காரை வளைத்தார். பிறகு, "கதை" என்றார். "எல்லாத்தையும் கதை. மறைக்காத."

ஆவணியில் நிரோவுக்கு வேலை கிடைத்தது. முந்தினதைவிடச் சின்னக் கம்பெனி, ஆனால் ஸ்கார்பரோவுக்குள்ளேயே. கார்த்திகையில், தனியே ஒரு அபார்ட்மென்ற் எடுக்கப்போவதாகச் சொன்னான். நான் அழுதேன். மேலே அறை இருக்கிறது, சிம்னி சரியாகிவிட்டது, பிறகு ஏன் என்று கேட்டேன். "அம்மா, ஐ நீட் மை ஓன் பிளேஸ். கோவத்தில இல்லை" என்றான். இவர் ஒரு கிழமை கழித்து, எங்கே என்று மட்டும் கேட்டார்.

டோர்செட் பார்க் என்கிற பகுதியில் ஒரு உயரமான கட்டிடம். நாங்கள் மூவரும் பார்க்கப் போனோம். லிஃப்டுக்குள் யாரோ கருவாட்டுக்குழம்பு கொண்டுபோன மணம். வீடு காட்டுகிறவர் குசினியைக் காட்டினார், குளியலறையைக் காட்டினார். இவர் எதையும் பார்க்கவில்லை. வீடு எப்படிச் சூடாகும் என்று கேட்டார். மின்சாரம் என்றார் அவர். காஸ் எங்கேயாவது உண்டா என்று கேட்டார். இந்த மாடியில் ஒன்றும் இல்லை என்றார் அவர். அலாரத்தைக் காட்டச் சொன்னார். காட்டினார். இவர் அங்கே கிடந்த ஒரு கதிரையில் ஏறி நின்று அதைக் கழற்றிப் பின்பக்கத்தைத் தன் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். நிரோவுக்கு வெட்கம், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு ஜன்னலுக்குப் போனார். பிடியைத் திருப்பித் தள்ளினார். அவ்வளவு உயரத்தில் அது ஒரு கையளவுதான் திறக்கும். அந்த இடைவெளிக்குக் கிட்டக் குனிந்து முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கீழே வாகனங்களின் இரைச்சல் வந்தது. அறைக்குள் குளிர் ஏறியது.

"அப்பா, சாத்துங்கோ. குளிருது" என்றான் நிரோ, தமிழில்.

"காத்து வருது" என்றார் இவர், திரும்பாமல். "நல்லா வருது. இதை எடு."

அவர் சாத்தவில்லை. நாங்களும் சாத்தச் சொல்லவில்லை. வெறும் அறையில், கோட்டோடு, மூவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.